பொட்டியில் பழுதில்லை என்று நான் சொன்னது

ஓய்வு பெற்றவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு ஓய்வு கொடுக்க ஆள் கிடையாது. எனக்கு என் முதுகு கொடுத்தது. இத்தனை வருடமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரே மேசையின் மேல் குனிந்து கிடந்த முதுகு, ஒரு நாள் காலையில் நிமிர மாட்டேன் என்றது. இப்போது அந்த மேசையில் நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைப் பக்கம் வரும்போதெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்கிறீர்கள். நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் செல்போனில் விடையையும் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். அதனால் செல்போனில் கிடைக்காத ஒன்றை எழுதி வைக்கிறேன்.

கம்ப்யூட்டரிலிருந்து வீட்டு ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டுகிற பொட்டிக்கு, சத்தம் போகவில்லை என்று வருகிற புகார்களில் பாதி, சத்தம் எங்கே போகிறது என்று பார்த்தாலே தீர்ந்துவிடும். கம்ப்யூட்டர் சத்தத்தை டிவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், மனுஷன் ரிசீவரைத் தட்டிக்கொண்டிருப்பான். எந்த இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

நான் முதன்முதலில் ஆப்டிகல் வயர் மாட்டிய கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். சங்கராபுரத்தில் ஒரு ரைஸ் மில்காரர் வீடு. வெளிச்சத்தில் சத்தம் போகிற வயர் இது என்று அவரிடம் அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு மாட்டினேன். சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றினேன், ரிசீவரைக் கழற்றினேன், மதியச் சாப்பாடு கூட அங்கேயே ஆயிற்று. கடைசியில் மில்காரர் வயரின் நுனியை உற்றுப் பார்த்து, "இதும்மேல ஒரு தொப்பி மாதிரி இருக்குதே, இது இருக்கணுமா?" என்றார். வயர் அழுக்காகாமல் இருக்கக் கம்பெனி மாட்டி அனுப்பும் பிளாஸ்டிக் மூடி அது. இரண்டு பக்கமும் கழற்றாமலே மாட்டியிருந்தேன். அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். அந்த மாதிரித் தவறில் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

சேதம் செய்த தவறு வேறு. அது வெள்ளிமலையில் நடந்தது.

குமரேசன் என்று ஒரு ஜீப் டிரைவர். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஓட்டுவார். பாட்டுப் பைத்தியம். அவர் மனைவி செல்வராணி மலையில் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிறவியிலேயே பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதை எல்லாம் குரலாக வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து எழுத்து வேலைகளை வீட்டிலேயே செய்வார். ஒவ்வொரு விசையை அமுக்கும்போதும் குரல் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவருக்கு வேலை.

குமரேசன் என்னிடம் ஒரு நல்ல ரிசீவரும் ஸ்பீக்கர்களும் வாங்கினார். கம்ப்யூட்டரிலிருந்து சாதாரண வயரில் நான்தான் இணைத்துக் கொடுத்தேன். பாட்டும் அதில்தான், டீச்சரின் குரலும் அதில்தான். சில நாளில் கடைக்கு வந்தார்.

"அண்ணே, உர்ருன்னு ஒரு சத்தம் வந்துக்கினே இருக்குதுண்ணே. பாட்டு ஓடுறப்ப தெரியல. எங்க வூட்ல வேலை செய்யறப்ப அதுதான் ஜாஸ்தியா கேக்குதாம்."

மலையில் மின்சாரத்துக்கு எர்த் சரியாக இருக்காது. அந்த உர்ருக்கு அதுதான் காரணம். சாதாரண வயரை எடுத்துவிட்டு ஆப்டிகல் வயர் போட்டால், வெளிச்சம் மட்டுமே போகும், கரண்ட் எதுவும் போகாது, உர் நின்றுவிடும். போட்டேன், நின்றது. பிளாஸ்டிக் மூடியையும் மறக்காமல் கழற்றினேன். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். இதுவரை நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். அந்த நாளை மட்டும் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "அண்ணா, மொதல் வார்த்தைய முழுங்குதுங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அமுக்கினா ஒண்ணுமே வரல. இன்னொரு தபா அமுக்கினாதான் வருது. வரிசையா பேசிக்கினே இருந்தா நல்லாதான் இருக்குது."

பழுது என்ன, எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மீட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடினாலும் எனக்கு இதைவிடத் தெளிவாகக் கிடைத்திருக்காது. ஆனால் நான் கேட்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நம் தொழிலில் ஆளுக்கொரு சோதனைப் பாட்டு உண்டு. உங்களுக்கும் இருக்கிறது, கடைக்கு வெளியே நின்றாலே தெரிகிறது. என் பென் டிரைவில் இருந்த பாட்டு தவிலோடு தொடங்கும். ஐந்து நிமிடம் ஓடும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நொடி கூட மௌனம் கிடையாது. அதனால்தான் அதை வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் எந்தக் குறை இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும் என்பது என் நம்பிக்கை. பாட்டைப் போட்டேன். தவில் அதிர்ந்தது. குமரேசன் தலையை ஆட்டினார்.

"பாருங்க டீச்சர். எங்கனா முழுங்குதா?"

"பாட்டுல முழுங்கலைங்க."

"பாட்டுல முழுங்காதது பேச்சுல மட்டும் எப்படி முழுங்கும்? பொட்டியில ஒண்ணும் இல்ல. புதுசு இல்லியா, காதுக்குப் பழகணும்."

டீச்சர் "சரிங்க" என்றார். கீழே இறங்குகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

பழுதில்லை என்று நாம் சொல்வதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். காசு வாங்காமல் சொல்கிறோம், அதனால் அதில் நமக்குப் பொறுப்பும் இல்லை என்று நினைப்பு. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் அதோடு விடுவதில்லை. பழுது இருப்பது அவர்களுக்குத் தெரியும். பொட்டியில் இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், வேறு எதில் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து குமரேசன் கடைக்கு வந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை, கடையில் கூட்டம். ஓரமாக நின்று எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பாட்டைப் பற்றி எதுவும் பேசாமல் அவர் நின்றதே எனக்குப் புதிதாக இருந்தது.

"அண்ணே, அந்தப் பொட்டிய எடுத்துக்கினு போயிடுங்க. காசு எவ்வளவு கம்மியா குடுத்தாலும் சரி."

"இன்னாப்பா ஆச்சு?"

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். டீச்சர் வகுப்பாசிரியை. பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போட்டு அனுப்ப வேண்டும். டீச்சர் அனுப்பிய பட்டியலில் ஏழு பிள்ளைகளின் பெயருக்கு எதிரே குறி இல்லை. குறி இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தலைமையாசிரியர் கடைசி நாளில் கண்டுபிடித்துத் திருத்தினார். அடுத்தது பஸ் பாஸ் பட்டியல். அதில் மூன்று பிள்ளைகள் விட்டுப்போய், பாஸ் இல்லாமல் சில நாள் காட்டு வழியில் நடந்து பள்ளிக்கூடம் வந்திருக்கின்றன.

"ஹெச்.எம். நல்ல மனுஷங்கண்ணே. திட்டல. ‘எழுத்து வேலைய வேற யார்னா பாக்கட்டும் டீச்சர், நீங்க பாடம் மட்டும் எடுங்க’ன்னாரு. எங்க வூட்ல இன்னாடான்னா, பாடமும் வேணாம், வேலையே வேணாம்ங்கறாங்க. திங்கக்கிழமை லெட்டர் குடுக்கப் போறாங்களாம். எழுதி வெச்சிட்டாங்க."

"காது ஏதாவது…"

"அதையும் பாத்தாச்சுண்ணே. டாக்டரு மெஷின மாட்டி டெஸ்ட் பண்ணிட்டு, காது சுத்தமா இருக்குன்னுட்டாரு. காது போச்சின்னு சொல்லியிருந்தாகூட அவங்க இப்படி ஆயிருக்க மாட்டாங்க."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பொட்டி நல்லா இருக்கு என்று நான் சொன்னதை அவர் நம்பியே இருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் ஜீப்பிலேயே ஏறினேன். பொட்டியை எடுத்து வரத்தான் போகிறேன் என்று அவருக்கு நினைப்பு. மலைப் பாதை வளைவுகளில் ஜீப் திரும்பியபோதெல்லாம் நான் டீச்சர் அன்றைக்குச் சொன்னதை நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் முழுங்குகிறது. பேசிக்கொண்டே இருந்தால் முழுங்கவில்லை. என் பாட்டு சும்மா இருப்பதே இல்லை. பாதி மலை ஏறுவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு மீதி மலை ஏறுவது கஷ்டமாக இருந்தது.

டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு எழுந்தார்.

"எடுத்துக்கினு போங்கண்ணா. இனிமே எனக்கு வேலை இல்ல அதுல."

"போறதுக்கு முன்ன ஒரு தபா பாத்துடறேன் டீச்சர்."

"எதப் பாக்கறதுங்க? கண்ணு இல்லாதது எனக்குக் குறையாவே தெரிஞ்சதில்ல. பொறந்ததுலருந்து இப்படித்தான். காது போச்சின்னா அதுக்கொரு மெஷின் வெச்சிக்கலாம். டாக்டரு காது நல்லா இருக்குன்னாரு. நீங்க பொட்டி நல்லா இருக்குன்னீங்க. அப்ப மிச்சம் இருக்கறது நான் மட்டுந்தானே? கிளாஸ்ல ஒரு புள்ள கேள்வி கேட்டா, அது நெஜமாவே கேட்டுச்சா, நானா நெனச்சிக்கினனான்னு நிக்கறேன். புத்தி இப்படி ஆனதுக்கப்புறம் புள்ளைங்க எதுருல போயி நிக்கலாமா?"

கோபமில்லாமல் சொன்னார். பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

உள்ளே போனோம். ரிசீவர் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பழக்க தோஷம், என் கை பையிலிருந்து பென் டிரைவை எடுத்துவிட்டது. அது மேசையில் தட்டிய சின்ன ஒலி டீச்சருக்குக் கேட்டுவிட்டது.

"பாட்டு வேணாங்க" என்றார்.

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "நீங்க எப்பவும் செய்யற வேலையச் செய்யுங்க டீச்சர். பட்டியல்தான். நான் பின்னால உக்காந்துக்கறேன். பேச மாட்டேன்."

அவர் தயங்கினார். பிறகு, பெயர்கள் பிரெயிலில் குத்தப்பட்ட அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் ஒரு பெயருக்குப் போனார். குரல் பெயரைச் சொன்னது. அவர் இடது கை விரல் அட்டையில் மெதுவாக ஓடி அதே பெயரைத் தேடியது. நான் ரிசீவரின் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சின்னதாக எரிகிற எழுத்துகள், கம்ப்யூட்டரிலிருந்து சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். குரல் நின்று மூன்று நான்கு நொடிகளில் அந்த எழுத்துகள் அணைந்தன.

விரல் பெயரைக் கண்டுபிடித்தது. டீச்சர் குறி போடுவதற்கான விசையை அமுக்கினார். திரையில் குறி விழுந்ததை நான் பார்த்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. ரிசீவரின் முகப்பில் எழுத்துகள் அப்போதுதான் மெதுவாக எரியத் தொடங்கின.

அவர் அரை நொடி காத்திருந்தார். விசை அமுங்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினார். திரையில் குறி மறைந்தது. ஸ்பீக்கரில் "செக்குடு" என்று கேட்டது. டீச்சர் திருப்தியாக அடுத்த பெயருக்குப் போனார்.

குறி விழுந்தால் அந்தக் குரல் ஆங்கிலத்தில் "செக்குடு" என்றும், மறைந்தால் "நாட் செக்குடு" என்றும் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கும். முன்னால் இருந்த "நாட்" வயரோடு நின்றுவிட்டது.

இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். சத்தம் நின்றுவிட்டால் சில கம்ப்யூட்டர்கள் ஆப்டிகல் வயரில் எதையும் அனுப்பாமல் நிறுத்திவிடும். ரிசீவர் கண்ணயர்ந்துவிடும். மறுபடி சத்தம் வந்தால், வந்தது என்ன வகை என்று பார்த்து வாயைத் திறக்க அதற்கு ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகும். பாட்டுக் கேட்பவனுக்கு அந்த ஒரு நொடி தெரியாது. ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பவருக்கு அதில் எல்லாமே போய்விடும். ரிசீவரில் பழுதில்லை. கம்ப்யூட்டரில் பழுதில்லை. இந்த வேலைக்கு அந்த வயரைப் போட்டவன் நான்.

டீச்சர் இன்னும் நான்கு பெயர் போட்டார். இரண்டில் குறி நின்றது, இரண்டில் மறைந்தது. அவர் விரல் எவ்வளவு நேரம் தேடியது என்பதைப் பொறுத்து அது மாறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ‘கம்ப்யூட்டர் செட்டிங் மாறிப்போயிருக்கு டீச்சர், சரி பண்ணிட்டேன்’ என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நம் தொழிலில் எல்லாரும் அடிக்கடி சொல்கிற வாக்கியம் அது. யாருக்கும் நோகாது, கடைப் பெயரும் கெடாது. அவருக்கும் வேலை நடந்துவிடும், எனக்கும் பஸ் கிடைத்துவிடும். ஆனால் திங்கட்கிழமை அவர் தலைமையாசிரியரிடம் போய் செட்டிங் மாறியிருந்தது என்று சொன்னால், அவர் என்ன கேட்பார்? யார் மாற்றியது என்று கேட்பார். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவது ஒரே ஒருவர்தான். பழி சுற்றிக்கொண்டு மறுபடி அவரிடமே போய் உட்காரும். கால் மணி நேரம் ஓடியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு குமரேசன் சொன்னார், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை என்று.

"டீச்சர், நிறுத்துங்க" என்றேன். "நீங்க குறி போட்டீங்க. போட்டது சரியா விழுந்துச்சு. பொட்டி அத உங்களுக்குச் சொல்லல. நீங்க மறுபடி அமுக்குனீங்க, குறி போயிடுச்சு. பாதி வார்த்தைய மட்டும் சொல்லிச்சு. உங்க காதும் நல்லா இருக்குது, புத்தியும் நல்லா இருக்குது. நான் போட்ட வயருதான் தப்பு."

டீச்சரின் கை விசைப் பலகையின் மேலேயே இருந்தது.

"இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னேன். இந்த முறை ஒவ்வொரு அமுக்கலிலும் திரையில் என்ன நடந்தது, முகப்பில் எப்போது எழுத்து அணைந்தது, எப்போது எரிந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் மறுபடி அமுக்கிப் பார்த்தார். நான் திரையைச் சொல்ல, அவர் கேட்டதைச் சொல்ல, இருவரும் பொருத்திப் பார்த்தோம். அவருக்குத் தெரியாதது என் கண்ணுக்கு எதிரே இருந்தது. எனக்குத் தெரியாததை அவர் ஒன்றரை மாதத்துக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"அன்னிக்கே இதப் பாத்திருக்க முடியுமாங்க?"

"முடியும் டீச்சர். அஞ்சு நிமிஷம் நீங்க வேலை செய்யறத உக்காந்து பாத்திருந்தா போதும்."

"ஏன் பாக்கலைங்க?"

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் உண்மை அது இல்லை. பாட்டுச் சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாததை ஒரு டீச்சர் எனக்குச் சொல்லிவிட முடியாது என்ற நினைப்புத்தான் காரணம். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இதை எழுதும்போதும் இருக்கிறது.

குமரேசன் எனக்காகப் பரிந்து வந்தார். "அண்ணன் அவ்ளோ தூரத்துலருந்து வந்து கண்டுபுடிச்சிட்டாரில்ல, வுடு."

"நீங்க சும்மா இருங்க" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹெச்.எம். கிட்ட இதச் சொல்லுவீங்களா?" என்றார்.

"வந்து சொல்றேன் டீச்சர்."

"வாயால சொன்னா பத்தாதுங்க. நானும் வாயாலதான் சொன்னேன். எழுதிக் குடுங்க."

பில் புத்தகத்தை எடுத்தேன். மேலே கடைப் பெயர் அச்சடித்த தாள். அந்தத் தாளில் அதுவரை ‘சரி செய்யப்பட்டது’ என்பதைத் தவிர நான் வேறொன்றும் எழுதியதில்லை. கடையின் பெயருக்குக் கீழே, இந்த வீட்டில் நான் பொருத்திய இணைப்பால் கம்ப்யூட்டரின் குரல் துண்டுபட்டது, பட்டியலில் ஏற்பட்ட பிழைகளுக்கு அதுவே காரணம், ஆசிரியை தவறு செய்யவில்லை என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"நான் மொதல்லயே சொன்னத எழுதலியே நீங்க. வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு போனீங்களே, அது எங்க?"

எழுதினேன்.

"காதுக்குப் பழகணும்னு சொன்னீங்க. அதையும் போடுங்க."

அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு கடைக்காரன் தன் கடைத் தாளில் எழுதக்கூடிய மோசமான கடிதம் அதுதான். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு நான் செய்த சரியான ரிப்பேரும் அதுதான் என்று நினைக்கிறேன். மற்றது பத்து நிமிட வேலை. என் பையில் சோதனைக்காக ஒரு சின்ன ஸ்பீக்கர் எப்போதும் இருக்கும், கம்ப்யூட்டரிலேயே கரண்டையும் எடுத்துக்கொள்ளும். ரிசீவரோடு சம்பந்தமில்லை, அதனால் உர்ரும் இல்லை. தூங்கி எழுகிற வியாதியும் அதற்குக் கிடையாது. டீச்சரின் குரலை அதில் போட்டுவிட்டு, ரிசீவரைப் பாட்டுக்கென்று விட்டேன். முதல் எழுத்திலிருந்து பேசிற்று.

தலைமையாசிரியர் வீடு நடக்கிற தூரம்தான். மூவரும் போனோம். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெஷின் மேல பழியப் போடறது சுலபம் இல்லீங்களா?"

"மெஷின் மேல போடல சார். என் மேல போட்டிருக்கேன்."

"பழுது இல்லைன்னு நீங்களே ஒரு தபா சொல்லியிருக்கீங்க. இப்ப இருக்குதுங்கறீங்க. எத நம்பறது?"

"வந்து பாருங்க சார். பழைய வயர மாட்டிக் காட்டறேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே வந்தார். அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய வயரைப் போட்டு, டீச்சரை அமுக்கச் சொல்லி, அவரைத் திரையைப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது பெயரில் குறி மறைந்ததும் அவர் "அடடா" என்றார். "நாளைக்கு லெட்டர் எதுவும் எடுத்துக்கினு வராதீங்க டீச்சர். பட்டியல எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குமரேசன் டீ வாங்கி வந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் யார் வீட்டிலும் சோதனைப் பாட்டு போட்டதில்லை. அவர்கள் கேட்பதையே கேட்டேன். செய்தி கேட்கிறவர் வீட்டில் செய்தி, சாமி பாட்டு கேட்கிறவர் வீட்டில் சாமி பாட்டு. உன் பாட்டு எங்கே என்று சிலர் கேட்டதும் உண்டு. நீங்களும் ஒரு நாள் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

முதுகு மறுப்பதற்கு முந்தைய வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு மைக் செட் வேலையாகப் போனேன். ஆசிரியர் அறையில் டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நான் வீட்டில் கொடுத்த அதே சின்ன ஸ்பீக்கரை இங்கே கொண்டு வந்து வைத்திருந்தார். தேர்வுப் பட்டியல் வேலை நடந்துகொண்டிருந்தது. குரல் ஒரு பெயரைச் சொன்னது. அவர் அமுக்கினார். "செக்குடு" என்றது, முழுதாக, தெளிவாக. அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. மேல் அம்புக்குறி விசையை அமுக்கி ஒரு பெயர் பின்னால் போய், மறுபடி அதே பெயருக்கு வந்து, "செக்குடு" என்பதை இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். அடுத்த பெயருக்கும் அப்படியே.

"முழுங்குதா டீச்சர்?" என்றேன்.

"வாங்கண்ணா." குரலை வைத்தே தெரிந்துகொண்டார். "இல்லைங்க. நீங்க குடுத்தது ஒரு தபா கூட முழுங்கல."

"அப்புறம் ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?"

"நான் கேட்டது சரிதானான்னு பாத்துக்கறேங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியே மைக் செட்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அடுத்த பெயருக்குப் போனார். குறி போட்டார், கேட்டார். பின்னால் போய்த் திரும்பி வந்து மறுபடியும் கேட்டார்.